மீன் தின்னாத தலைவர்

எங்கள் ஊர் ஏரி மீனைக் காக்கும் கமிட்டிக்கு என்னைத் தலைவராக்கியதற்கு ஒரே காரணம், நான் மீன் தின்னமாட்டேன் என்பதுதான். என் அறிவு, நேர்மை, நாவன்மை எதையும் யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு முன்னால் இருந்த மூன்று தலைவர்களின் வீட்டிலும் வாரத்துக்கு நான்கு நாள் குழம்பு மணந்ததாம்.

"செட்டியார் வூட்ல மீன் வாசன வந்தா தெருவுக்கே தெரிஞ்சிடும்பா. அவரையே போடுங்க" என்று கரும்பு விவசாயி தணிகைவேல் எழுந்து சொன்னான். எங்கள் செலியமேடு ஊரே கைதட்டியது. எங்கள் குடும்பத்தின் ஏழு தலைமுறைச் சைவம் 1978ஆம் வருஷம் ஆவணி மாதத்தில்தான் ஊருக்கு உபயோகப்பட்டது.

இதில் ஒரு சின்னச் சிக்கல். மீன் தின்னாதவனுக்கு மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது. மளிகைக் கடைக்காரனான எனக்குத் தெரிந்தது புளி, மிளகாய், துவரம்பருப்பு. மீனுக்கு இமை கிடையாது என்பதே பதவிக்கு வந்த பிறகுதான் தெரியும். அதுவரை அவை என்னைக் கண்டு முறைப்பதாக நினைத்திருந்தேன்.

தெரியாவிட்டால் சும்மா இருந்திருக்கலாம். தலைவரான பிறகு எப்படிச் சும்மா இருப்பது? ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்து வாய்க்காலின் வாயில் மூங்கில் தட்டி ஒன்றைப் பின்னச் சொல்லி, வலுவாகக் கட்டினேன். மழை பெய்து வாய்க்கால் நிறைந்தால் நம் ஊர் மீன் எதிர்நீச்சல் போட்டு பக்கத்து ஊரான ஏம்பலத்து வயல்களுக்கு ஓடிவிடுமே! நம் மீனை அவர்கள் தின்பதா? தட்டியைப் பார்த்து ஊரே மெச்சியது. நான் தினமும் காலையில் குடையோடு போய், கலெக்டர் பாலத்தைப் பார்வையிடுவதுபோல அதைப் பார்வையிட்டு வந்தேன்.

ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் விடிந்ததும் வாய்க்காலில் செந்நிறத்தில் புதுத் தண்ணீர் புரண்டு வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் பாதி ஊர் கரையில் நின்றது, கையில் கூடை, அன்னக்கூடை, வேட்டி, ஒருவரிடம் கொசுவலை.

தட்டியின் ஏரிப் பக்கத்தில் தண்ணீரே தெரியவில்லை. கெண்டையும் கெளுத்தியுமாக நூற்றுக்கணக்கில் முட்டி மோதிக்கொண்டிருந்தன. கோடையில் ஏரி வற்றியபோது நடு மடுவில் ஒண்டித் தப்பித்தவை. ஒரு கெண்டை எம்பி மூங்கிலில் அடித்து விழுந்தது. மறுபடி எம்பியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"பாத்தீங்களா? தட்டி மட்டும் இல்லன்னா அத்தனையும் இந்நேரம் ஏம்பலம்!"

"தலைவர்னா இவரு தலைவரு!" என்றான் தணிகைவேல். "வளச்சுக் குடுத்துட்டாரு. அள்ளிக்கலாமா?"

அப்போது சின்னபொண்ணு தண்ணீரில் இறங்கினாள். கோடையில் ஏரி மீனைக் கூடையில் சுமந்து பாகூர் வரை விற்பவள். ஒரு கெண்டையைக் கையில் எடுத்து வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தை வைப்பதுபோலத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டாள்.

"இன்னா செட்டியாரே பண்ணி வெச்சிருக்கீங்க? இதுங்க ஓடிப் போவல. பிரசவத்துக்குப் போவுது."

"பிரசவமா?"

"வயிறு பூரா முட்ட. புதுத் தண்ணி வந்தா, எதிர ஏறிப்போயி வயல்ல முட்ட போட்டுட்டுத் திரும்பி வரும். குஞ்சுங்க அப்பால தண்ணியோட ஏரிக்கு எறங்கும். எங்கம்மா காலத்துலேந்து அப்பிடித்தான். இத்த இங்கயே அள்ளித் துன்னுட்டா கோடைக்கு ஏரியில தவளதான் இருக்கும்."

"இது இன்னா கதயா?" என்று கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

"கதயில்ல, நெசம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஏகநாதன். என்னோடு ஒரே பெஞ்சில் படித்துவிட்டு பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போனவன். பென்ஷனோடு திரும்பியவனை ஊரே சொல்தா, அதாவது பிரெஞ்சில் சிப்பாய், என்று கூப்பிடும். "இருங்க, வந்துர்றேன்" என்று வீட்டுக்கு ஓடி, பிரான்சிலிருந்து கொண்டுவந்த, மீன் அடைத்த ஒரு தகர டப்பாவோடு வந்தான். டப்பாவின் மேலிருந்த படத்தில் வெள்ளி நிற மீன் ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது.

"இது சோமோன். இங்கிலீஷ்காரன் சால்மன்னுவான். மலை ஆத்துல பொறக்கும், கடலுக்குப் போயி வளரும். மூணு நாலு வருஷம் கழிச்சு, பொறந்த அதே ஆத்துக்கு மோப்பம் புடிச்சு வந்து முட்ட போடும். வர்ற வழியில சோறு தண்ணி கெடயாது. ஆள் ஒசரப் பாறையத் தாவும்பா, கண்ணால பாத்திருக்கேன். அங்க அணை கட்டுனா, பக்கத்துலயே மீனு ஏறிப்போறதுக்குன்னு படிக்கட்டும் கட்டுறான்."

"மீனுக்குப் படிக்கட்டா? உனுக்குக் குடுத்த பென்ஷனு தண்டம் சொல்தா" என்றான் தணிகைவேல். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சின்னபொண்ணு சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"செட்டியாரே, போன மாசம் பஸ் ஸ்டாண்டுல உங்க சம்பந்தியோட மல்லுக்கு நின்னீங்களே, மொதப் பிரசவம் தாய் வூட்லதான்னு? செல்லிப்பட்டுக்கே வண்டி கட்டிப் போயி பொண்ண அழச்சாந்தீங்க. உங்க பொண்ணுக்கு வண்டி கட்டுவீங்க, இதுங்களுக்குத் தட்டி கட்டுவீங்களா?"

நான் சிரிப்பதை நிறுத்தினேன். வீட்டில் என் மகள் வசந்தா ஒன்பதாம் மாத வயிற்றோடு, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, மூச்சு வாங்க நடந்துகொண்டிருந்தாள். தட்டியில் அந்தக் கெண்டை மறுபடி எம்பி அடிபட்டு விழுந்தது.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். கட்டை அவிழ்க்க என்னால் முடியவில்லை. நானே சொல்லிப் போடவைத்த முடிச்சு. சின்னபொண்ணு அரிவாளால் அறுத்தாள். தட்டி சாய்ந்ததும் தண்ணீருக்குள் ஏதோ மூச்சு விட்டாற்போல மீன்கள் மேலே பாய்ந்தன. இரண்டு என் காலிடுக்கில் புகுந்து போயின. மரியாதையாக அலறினேன்.

ஆனால் கூட்டம் கலையவில்லை. வாய்க்காலோ இடுப்பளவு ஆழம், நாலு முழ அகலம். கூடையை முக்கினால் போதும். தணிகைவேல் அதற்குள் மேலே நகர்ந்து கொசுவலையை விரிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"மூணு நாள் விடுங்கப்பா, ஏறிப் போவட்டும்" என்றேன். யாரும் கேட்கவில்லை. "தலைவர் சொல்றேன்!" என்றேன். அதற்கும் யாரும் திரும்பவில்லை. என்னிடம் தடியும் இல்லை, உடம்பும் இல்லை. ஊர் எனக்குக் கொடுத்த ஒரே தகுதி ஞாபகம் வந்தது. ஏகநாதன் கையிலிருந்த டப்பாவைப் பிடுங்கினேன்.

"தணிகைவேலு! ஒருத்தர் ஒரு மீன் புடிச்சாலும் சரி, நான் இத்தத் தொறந்து இங்கயே துன்னுருவேன்! அப்பறம் நானும் துன்றவன்தான். ஏரிய எவன்கிட்ட குடுப்பீங்க?"

கொசுவலையை விரித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடியைச் சுருட்டித் திறக்க டப்பாவிலேயே ஒட்டியிருந்த சாவியை எடுத்து மாட்டினேன். ஒரு திருகு திருகியதும் மூடியின் ஓரம் 'க்ரீச்' என்றது. முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டேன்.

"ஏங்க!" கரையில் என் மனைவி சுலோசனா. நான் மழையில் நனையாமலிருக்கத் துண்டு கொண்டுவந்தவள். நிலைமையைப் பார்த்தாள், என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் தணிகைவேலிடம் திரும்பினாள். "தம்பி, அவரு அத்தத் துன்னுட்டா என் வூட்டுப் படி ஏறமுடியாது. உங்க வூட்லதான் குடித்தனம் வெச்சுக்கணும். மூணு வேள சாப்பாடு, நாலு வேள பேச்சு. உங்களுக்குச் சம்மதமா?"

தணிகைவேல் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான்கு வேளைப் பேச்சை நினைத்திருக்க வேண்டும்.

"வலய சுத்துங்கடா" என்றான். "இந்த ஆளு கெட்டுப்போனா ஏரிக்கு வேற ஆளு கெடையாது."

மூன்று நாளும் முறைபோட்டு வாய்க்காலைக் காத்தார்கள். முதல் முறையைத் தணிகைவேலே எடுத்துக்கொண்டு, தனக்குத்தான் முதலில் தோன்றியதுபோல எல்லோரையும் விரட்டினான்.

இருபத்தைந்து நாள் கழித்து, வசந்தாவுக்குப் பெண் பிறந்த சேதிக்கு நான் கடையில் கல்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தபோது, சின்னபொண்ணு ஒரு பித்தளைச் சொம்போடு வந்தாள். உள்ளே சீரகம் அளவுக்கு ஏதேதோ துடித்துக்கொண்டிருந்தன.

"எறங்க ஆரம்பிச்சிடுச்சி செட்டியாரே. வாய்க்கா பூரா இதான்."

அவளுக்கு இரண்டு கை கல்கண்டு கொடுத்தேன். மீனுக்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை. இருவருமாகப் போய்ச் சொம்பை ஏரியில் கவிழ்த்துவிட்டு வந்தோம்.

இப்போது தட்டியை ஏரியின் உபரித் தண்ணீர் வழியும் பக்கத்தில் மட்டும் கட்டுகிறோம், சின்னபொண்ணைக் கேட்டு. ஒரு திருகு திருகிய டப்பா கெட்டுவிட்டதென்று ஏகநாதன் வேறொன்று கொடுத்தான். ஐப்பசியில் புதுத் தண்ணீர் வரும்போது அதைத் துடைத்துக் கையில் எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போகிறேன். மற்ற நாளில் அது கடையில் பினாயில் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வியாபாரம் இல்லாத மத்தியானங்களில் அதன் மேலிருக்கும் மீனைப் பார்ப்பேன். பாவம், இது பிறந்த ஆற்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் வழியில் எந்தத் தலைவரோ தட்டி கட்டிவிட்டார்.