பிடுங்கிய பல்லுக்கு ஒரு கையெழுத்து

ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தாறு டாலர், இருபது சென்ட். தம்பி கிளியோடிஸின் வாயிலிருந்து ஒன்பது பற்களைப் பிடுங்கிய வகையில் பல் வைத்தியருக்கு எர்னஸ்டீன் தர வேண்டிய பாக்கி.

தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏற வேண்டுமானால், வாயில் சொத்தை இல்லையென்று பல் வைத்தியர் எழுதித் தர வேண்டும் என்றது பெரிய ஆஸ்பத்திரி. பல் எங்கள் கணக்கில் வராது என்று இன்சூரன்ஸ்காரன் கைவிரித்தான். பிடுங்கி ஆறிப்போயிற்று. கடிதம் மட்டும் வரவில்லை.

கடிதம் வந்து சேர ஆஸ்பத்திரி வைத்த கெடு வெள்ளிக்கிழமை. அன்று கெளுத்தி மீன் ஆலையில் வேலை முடிந்த கையோடு, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், டயாலிசிஸ் முடித்துத் துவண்டிருந்த தம்பியையும் இழுத்துக்கொண்டு எர்னஸ்டீன் பல் வைத்தியரின் கிளினிக்கில் போய் நின்றாள்.

"பாக்கி தீராம எந்தக் காயிதமும் வெளிய போகாதும்மா," என்றாள் வரவேற்பில் இருந்த ஹாலி. மீன் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தாள்.

"வாரம் இருபது டாலர் கட்டுறேன்னேனே? இன்னிக்குப் போகலைன்னா அங்க ஃபைலையே மூடிருவாங்க. எல்லா டெஸ்டும் மறுபடி மொதல்லருந்து. அதுவரைக்கும் இவன் இருப்பானா?"

"ரூல்ஸ்ம்மா. நான் என்ன பண்ண?"

எர்னஸ்டீன் பைக்குள் கையை விட்டு ஒரு ஊறுகாய் பாட்டிலை எடுத்து மேசையில் 'டொக்'கென்று வைத்தாள். உள்ளே ஒன்பது பற்கள். காத்திருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி கைப்பையை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"கூப்பிடு உங்க டாக்டர! தவணை கட்டலைன்னா வண்டியத் தூக்கிட்டுப் போறாங்கல்ல? அது மாதிரி சரக்கத் திருப்பித் தர வந்திருக்கேன். புடுங்குனத எல்லாம் திரும்ப நடச் சொல்லு. டேய், வாயத் தொற!"

"அக்கா, சும்மா இரு..."

"தொறடா!"

கிளியோடிஸ் திறந்தான். ஒன்பது இடத்தில் வெறும் ஈறு. இன்னும் இரண்டு பேர் எழுந்து வாசலுக்கு நடந்தார்கள். சத்தம் கேட்டு வைத்தியர் பிராட்வெல் கையுறையோடு ஓடி வந்தார். முதலில் வாசலைப் பார்த்தார், பிறகுதான் பாட்டிலை.

"எதுக்கும்மா இவ்வளவு ஆத்திரம்? உள்ள வந்து பேசலாமே."

"மூணு மாசமா இங்கதான் வந்து பேசுனேன். வாசல்லயே நிறுத்துனீங்க. எவனோ செத்து அவன் சிறுநீரகம் வரும், டாக்டர். இவன் பேரு பட்டியல்ல இருக்காது. பக்கத்துல இருக்கிறவனுக்குப் போயிரும். எதனாலன்னு கேட்டா, உங்க ஒத்தக் கையெழுத்தால!"

அவர் பேனாவைத் திறந்தார். ஹாலி கடிதத்தை ஃபேக்ஸில் போட்டாள். அது போய்ச் சேர்ந்த சீட்டு கைக்கு வரும்வரை எர்னஸ்டீன் நகரவில்லை.

"பாக்கிய நான் தள்ளுபடி பண்ணிட்டேன்," என்றார் வைத்தியர். "சர்ச்சுல நாலு பேருகிட்ட சொல்லுங்க."

"சொல்றேன். நல்லாவே சொல்றேன்."

"ஒரு நன்றிகூடக் கிடையாதா?" என்றாள் ஹாலி.

"எதுக்குடி நன்றி? சிறுநீரகமா குடுத்தீங்க? வரிசையில நிக்க விட்டிருக்கீங்க. இனிமேதான் நிக்கவே ஆரம்பிக்கணும். பில்ல அடிச்சுக் குடு."

ஹாலி உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்துக் கொடுத்தாள். எர்னஸ்டீன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசி வரியில் பாக்கி: பூஜ்யம்.