சகலையின் இடுப்பளவு

மூத்த சகலை வாங்கிய கார் லாரியிலிருந்து இறங்கியபோது, இளைய சகலையான டெய்லர் ஒரே பார்வையில் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டார். இதைவிட அழகான பொருளை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை. இது மூத்தவருக்குப் பத்தாது.

முதல் விஷயம் வயிற்றில் நெருப்பை வைத்தது. இரண்டாவது அதில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தது.

மூத்தவருக்கு மூன்று கடைகள். மூன்றிலும் குளியலறைச் சாமான்கள். ஊரில் பாதிப்பேர் காலையில் உட்காருவது அவர் விற்ற பீங்கானில்தான். ஆனால் யார் கேட்டாலும் "இன்டீரியர் லைன்ல இருக்கேன்" என்றுதான் சொல்வார். அன்று சொந்தபந்தம் அத்தனையையும் வாசலில் நிற்கவைத்துப் பிரசங்கம் ஆரம்பித்தார். நாற்பது வருஷத்துக் கார். கரும்பச்சை, இரண்டே கதவு. பழைய கார்களைச் சேர்ப்பதற்கென்றே பிறவி எடுத்த ஒரு செல்வந்தர், தனக்கும் மனைவிக்கும் பார்த்துப் பார்த்து மாற்றிக் கட்டியது. அவர் காலமான பிறகு கொட்டகையைக் காலி செய்தபோது கைக்கு வந்தது.

"சகலை, இது டர்போ. டர்போன்னா என்ன தெரியுமா? இன்ஜின் விடுற புகையையே புடிச்சு, ஒரு காத்தாடிய சுத்தவிட்டு, காத்த உள்ள திணிக்கிறான். தன் புகையிலயே தனக்கு வேகம்!"

டெய்லருக்கு அந்த இயந்திரம் உடனே புரிந்துவிட்டது. அவருடைய வயிறும் அந்த நேரத்தில் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சீட்டு ரெண்டும் உடம்ப அச்சு எடுத்துச் செஞ்சது. ஒரு நூல் மாத்தல, அப்படியே இருக்கு" என்று சொல்லி, மூத்தவர் ஓட்டுநர் இருக்கையில் இறங்கினார். பாதிதான் இறங்கினார். மேற்கொண்டு போகவில்லை. மேலேயும் வரவில்லை. கடைப் பையன்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, கழிப்பறை அடைப்பு எடுபடுகிற சத்தத்துடன் வெளியே வந்தார். யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அவரிடம் ஏதாவது காரியம் இருந்தது.

செல்வந்தர் ஒல்லி, இடுப்பு முப்பத்தெட்டைத் தாண்டினால் அந்த இருக்கை ஏற்காது. மூத்தவருக்கு நாற்பத்தாறு. அவருடைய பேண்ட் முழுவதையும் தைப்பவர் டெய்லர்தான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். செல்வந்தரின் மனைவியோ தாராளமான உடம்புக்காரி போலிருக்கிறது. பக்கத்து இருக்கையில் மூத்தவர் கச்சிதமாகப் பொருந்தினார்.

"நீங்க உக்காந்து பாருங்க சகலை" என்றார், வேறு வழியில்லாமல்.

டெய்லர் உட்கார்ந்தார். தனக்கென்று வெட்டித் தைத்த கோட்டுக்குள் கை நுழைவது போலிருந்தது.

அன்று முதல் ஞாயிறுதோறும் டெய்லர் ஓட்டினார், மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கையாட்டினார். இன்ஜின் நிமிஷத்துக்கு மூவாயிரம் சுற்று தொடும் வரை கார் சாதுவாகப் போகும். அதற்கு மேல் மெல்லிய விசில் ஒன்று கேட்கும். உடனே பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி பாயும். அந்த உதைக்காகவே டெய்லர் வாரம் முழுக்கப் பட்டன் துளைகளுக்குக் காஜா எடுத்தார். சிக்னலில் நின்றபோது ஒருவர், "சார், உங்க டிரைவர் அருமையா ஓட்றாரு" என்று மூத்தவரிடம் சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ஆனால் வண்டியை நிறுத்தியதும் மூத்தவர் பானட்டைத் தட்டிக்கொடுப்பதைத்தான் தாங்க முடியவில்லை. தன் பெண்டாட்டியை யாரோ கன்னத்தில் தட்டியது போலிருந்தது.

ஒரு மாதம் கழித்து மூத்தவர் சபதம் எடுத்தார்.

"உடம்ப எறக்கப்போறேன். வாராவாரம் நீங்கதான் அளவு எடுக்கணும். டேப்பு முப்பத்தெட்டு சொல்லாம அந்த சீட்டுல குந்த மாட்டேன். ஒருதரம் மாட்டுனது போதும்."

"எடை மெஷின் இருக்கே அண்ணே?"

இதைக் கேட்ட நாக்கை டெய்லரே கடித்துக்கொண்டு, அடுத்த மூச்சில் திருத்தினார். "வேணாம், வேணாம். மெஷின் எலும்பையும் சேத்து நிறுக்கும். டேப்புதான் சதைய மட்டும் அளக்கும்."

தொழில்காரன் சொன்னால் மூத்தவர் நம்புவார். நம்பினார்.

காலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தார். ராத்திரி வேகவைத்த காய்கறியோடு நிறுத்திக்கொண்டார். இடுப்பு நாற்பத்துநான்கானது, டெய்லர் "நாப்பத்தஞ்சேமுக்கால்" என்றார். நாற்பத்திரண்டானது, "நாப்பத்தஞ்சரை" என்றார். பேண்ட் தொளதொளத்தால் குட்டு உடைந்துவிடுமே? மூத்தவர் பெல்ட் போடுகிறவர் அல்லர், பேண்டைத் தாங்கத் தோளில் பட்டி மாட்டுகிறவர். "பட்டி பட்டன் தளர்ந்திருக்கு, பலப்படுத்தணும்" என்று ஒவ்வொரு பேண்டாக வாங்கிப்போய், பின்பக்கத் தையலைப் பிரித்து, இளைத்த அளவுக்கு உள்ளே பிடித்துத் தைத்துக் கொடுத்தார். பேண்டெல்லாம் பழையபடியே இறுக்கின.

"மூஞ்சி ஒட்டிப்போச்சேங்க" என்று மூத்தவரின் மனைவி கவலைப்பட்டாள்.

"சில பேருக்கு மூஞ்சி எளைக்கும், இடுப்பு எளைக்காது. அது ஒடம்பு வாகு" என்றார் டெய்லர்.

மூத்தவர் நடையைப் பத்து கிலோமீட்டராக்கினார்.

ஐந்தாவது மாதம் டேப் உண்மையில் முப்பத்தேழரை காட்டியது. "நாப்பத்துநாலு" என்று டெய்லர் சொன்னபோது மூத்தவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார்.

"போதும் சகலை. உக்கார முடியாத கார வச்சு என்ன பண்றது? நாளைக்கு ஒருத்தர் வர்றாரு. குடுத்துரப்போறேன்."

காரையே விற்றுவிடும் வழி ஒன்று இருப்பது டெய்லருக்குத் தோன்றவே இல்லை. இரவெல்லாம் புரண்டார். உண்மையைச் சொன்னால் இருக்கை போகும். சொல்லாவிட்டால் காரே போகும்.

மறுநாள் வந்தவர் ஒரு பல் வைத்தியர். கேட்டுக்குள் நுழையும்போதே டெய்லரின் கண் அளவெடுத்துவிட்டது: மார்பு முப்பத்தாறு, இடுப்பு முப்பது. பாவி, அந்த இருக்கைக்கென்றே தைத்துவைத்த மாதிரி இருந்தான். வைத்தியர் காரைச் சுற்றிவந்து, பானட்டைத் தட்டிக்கொடுத்து, ஓட்டுநர் கதவில் கை வைத்தார்.

சகலை தட்டியதற்கு எரிந்த வயிறு அப்போது பற்றிக்கொண்டது. சகலையாவது சகலை. இவன் யார்?

"அண்ணே!" டெய்லருக்கே தன் குரல் அந்நியமாகக் கேட்டது. "குடுக்கறதுக்கு முன்ன நீங்க ஒருதரம் உக்காந்து பாத்துருங்க!"

"வெளையாடாதீங்க சகலை. நாப்பத்துநாலு."

"என் பேச்சக் கேளுங்கண்ணே. கடைசியா ஒருதரம்."

மூத்தவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். இறங்கிக்கொண்டே போனார். அடியில் போய் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் விரல் நுழைய இடம் இருந்தது. கண்ணைத் திறந்து, ஸ்டியரிங்கைப் பிடித்து, சின்னப்பிள்ளை மாதிரி ஹாரனை அடித்தார். பல் வைத்தியர் காபி குடித்துவிட்டுப் போனார்.

"அப்ப நாப்பத்துநாலுன்னீங்களே?"

"டேப்பு பழசுண்ணே. இழுபட்டுப்போச்சு."

காஜா எடுத்தே கண் தேய்ந்த டெய்லரின் மனைவி பக்கத்தில் நின்றிருந்தாள். "டேப்பு இழுபட்டா அளவு கொறைச்சுத்தானேங்க காட்டும்? கூடவா காட்டும்?" என்று நிதானமாகக் கேட்டாள்.

மூத்தவர் டெய்லரைப் பார்த்தார். டெய்லர் சக்கரத்தைப் பார்த்தார்.

"புரிஞ்சுபோச்சு!" என்று மூத்தவர் தொடையில் தட்டினார். "கொறைஞ்சிருச்சுன்னு சொன்னா விட்டுருவேன்னு, வேணும்னே கூட்டிச் சொல்லியிருக்கீங்க. உங்களாலதான் சகலை நான் எளைச்சேன்! யாரு செய்வா இப்படி? வாங்க, ஏறுங்க!"

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. டெய்லர் பக்கத்து இருக்கையில் ஏறினார். மூத்தவர் கியரை அரைத்தார். டெய்லருக்குக் கடைவாய்ப்பல் கூசியது. தெருமுனை தாண்டியதும் விசில் கேட்டது, உதை விழுந்தது. செல்வந்தர் மனைவியின் அளவுக்கு வார்த்த அந்த அகன்ற இருக்கையில், ஒவ்வொரு வளைவிலும் டெய்லர் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிப் போனார். கால் மட்டும், இல்லாத கிளட்சைத் தேடி மிதித்துக்கொண்டே இருந்தது.