கலவைக் குப்பையில் ஒரு கிலோ பாகு

அக்கா புருஷனின் ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இதற்குள் அவளுக்கு மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும். போகவில்லை. மார்க்கெட்டின் அழுகல் இலை, மரத்தூள், வெட்டிய புல், நனைந்த வைக்கோல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்து புளித்து, காலையில் கேட்டைத் திறந்ததுமே குடலைப் புரட்டும். அதை வேகவைத்து, நொதி ஊற்றி, சர்க்கரைப் பாகாக்குவதுதான் அவள் வேலை.

தனி வைக்கோல் என்றால் சொன்னபடி கேட்கும். கலவைக்கு லோடுக்கு லோடு ஒரு குணம். நேற்று ஊற்றிய நொதி இன்றைக்குப் போதாது. அதுவோ யானை விலை. ஒரு கிலோ பாகுக்கு ஆகிற செலவில் கடையில் நாலு கிலோ சர்க்கரை வாங்கிவிடலாம். எப்படியாவது இறக்கிவிடுவேன் என்று அவளும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று, ஆலைக்குக் கேட்டிருந்த கடன் விஷயமாக பேங்க் மேனேஜர் பார்வையிட வந்தார். லேப் மேஜையில் தேன் நிறத்தில் ஒரு பாட்டில் பளபளத்தது. அவள் செய்ததல்ல. திறந்து முகர்ந்தாள். கடைச் சர்க்கரையைக் காய்ச்சிய வாசம்.

"அத்தான், என்ன இது?" என்று காதோரம் கேட்டாள்.

"பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னு வெச்சேன். நீ வாயத் தொறக்காம இரு, புண்ணியமாப் போகும்."

அவள் நேரே தொட்டிக்குப் போய், அன்றைய பாகை மொண்டு வந்து மேனேஜர் முன்னால் வைத்தாள். கறுத்து, நுரைத்து, சாக்கடை போல நாறியது.

"சார், நாங்க செய்யறது இதுதான். இது கட்டுப்படியே ஆகல."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. மேனேஜரோ கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"தெரியும்மா. சர்க்கரைய யாரு கேட்டா? குப்பைய வாங்கிக்க நகராட்சி டன்னுக்கு இவ்வளவுன்னு குடுக்குது, லாபமே அதுலதான். சர்க்கரை ஆலைன்னு போர்டு இருந்தா கடனுக்கு வட்டி கம்மி. அவ்வளவுதான்."

அத்தானுக்குப் போன உயிர் திரும்பியது. "இத இவகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் சார் முழிச்சுட்டிருந்தேன்" என்று குழைந்தார்.

குவியலுக்கு முன்னால் மூன்று வருடம் அடக்கிவைத்த வாந்தி, அந்தக் குழைவைக் கேட்டதும் தொண்டைக்கு வந்துவிட்டது. வாஷ்பேசினில் கொட்டி, வாயைக் கொப்பளித்து, லேப் கோட்டைக் கழற்றி வீசிவிட்டு வெளியேறினாள்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "கடன் கெடச்சிடுச்சுடி. நீ ஏன் கோவிச்சுட்டுப் போன?"

"உன் புருஷன்கிட்டயே கேளு."

ஆலையில் அவள் இடத்துக்கு வேறு யாரையும் எடுக்கவில்லை. ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் தொட்டியைக் கொதிக்கவிடுகிறார்களாம்.