கணையத்தில் பேரம்

என் மகள் செண்பகத்தின் கணையம் தாலுகா ஆபீஸ் மாடியில் இருக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை படியேற வேண்டாமென்று நான்தான் போய்ப் பார்த்துவருவேன்.

அன்றைக்கு அவளையும் கூட்டிப்போனேன். காலையிலிருந்து ஒரு குடம் தண்ணீர் குடித்திருந்தாள். கீழே பெஞ்சில் உட்காரவைத்தேன்.

மாடியில் இன்சுலின் செய்கிற செல்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் மூக்குக்கண்ணாடி. வெள்ளைச் சட்டைக் காவல்காரர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். உடம்புக்குள் நோய் நுழையாமல் பார்க்கிற ஆட்கள். சம்பளமே நம் சோறுதான்.

"யோவ், இவங்க நம்ம ஆளுங்கய்யா."

"எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்றார் தலைமைக் காவல்காரர்.

எழுதிக் கொடுத்தேன். தாளை முகர்ந்து பார்த்தார். "நம்ம ஆளு வாசம் இல்லியே" என்று அதை வாயில் போட்டு மென்று விழுங்கினார்.

"இவங்க போயிட்டா எம்பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஊசிய்யா."

"அது எங்க டூட்டி இல்ல."

எனக்குப் பாத்திரக்கடை. மூன்று தலைமுறை. பேச உட்கார்ந்தேன்.

"எல்லாரையும் விட்டுரு."

"பாதிய விடுதேன். பாதி இருந்தா பிள்ளைக்கு ஊசி வேண்டாம்."

நல்ல பேச்சு. எனக்கே தெரிந்தது. ஆனால் எங்கள் தெருவில் முதல் பேச்சுக்கு யாரும் தலையாட்டுவதில்லை. "கட்டுப்படியாகாது" என்று துண்டை உதறித் தோளில் போட்டு நடந்தேன். பத்தடிக்குள் கூப்பிடுவார்கள்.

பத்தடி ஆயிற்று. நடை நீண்டது. நாற்பதாவது அடியில் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன். வாரில் ஒன்றுமில்லை.

"அவரக் கூப்பிடுங்களேன்" என்றது பின்னால் செல்களின் வரிசையிலிருந்து ஒரு மெல்லிய குரல். அப்புறம் அதுவும் இல்லை.

திரும்பினேன். காவல்காரர்கள் மூக்குக்கண்ணாடிகளைப் பெருக்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்யா கூப்பிடல?"

"நீங்கதான வேண்டாம்னுட்டீய."

"அது சும்மா பேச்சுய்யா!"

"எங்களுக்கு அது தெரியாது அண்ணாச்சி" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். உட்கார நாற்காலி போட்டார்.

கீழே வந்தேன். செண்பகத்தின் பக்கத்தில் ஒரு நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒரு நாளைக்கு நாலு ஊசி. ஆயுசுக்கும்."

செண்பகம் என் சட்டையைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள்.

"கொறச்சுக் கேளுப்பா. நீ கேட்டா கொறைப்பாங்க."

"சரிம்மா" என்றேன் நர்ஸிடம். பிள்ளையின் சட்டைக் கையை நானே மடித்துவிட்டேன்.