சாவித்திரி கவுண்டர்

ஆடித் தள்ளுபடி தொடங்குகிற அன்று விடிகாலை ஐந்தரைக்கே எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். சூரத்திலிருந்து வந்த லாரி கடையின் பின்வாசலில் நின்றது. நாற்பது பண்டில், ஏழு பெண்கள். கோணியைக் கிழித்து, நைலான் கயிற்றை அறுத்து, புடவைகளை ரகம் பிரித்து அடுக்க வேண்டும். கஞ்சி வாடையும் தூசியும் மூக்கில் ஏறின. கயிறு இழுத்த இடத்தில் உள்ளங்கை எரிந்தது. நான் கலைமதி. பொம்மிடியிலிருந்து அந்நேரத்துக்கு பஸ் கிடையாது என்று அண்ணன் பைக்கில் கொண்டுவந்து அரூரில் இறக்கிவிட்டுப் போனான். வயிற்றில் ஒரு வாய் டீகூட இல்லை.

மேரியக்காவை மட்டும் நாங்கள் பண்டில் பக்கம் விடவில்லை. போன வருடம் இரண்டே நாள் கோடவுனில் நின்றதற்கு, மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர் அவர்.

சகாயமேரிக்கு நாற்பத்தாறு வயது. அகலமான முகம், பெரிய கண், பூசினாற்போல உடம்பு. இருபது வருடம் முன்பு பெரிய முதலாளி கிருஷ்ணப்பன் அவரைப் பார்த்த மாத்திரத்தில் முன் கவுண்டரில் நிறுத்தினாராம். பெரியவர் பழைய படப் பைத்தியம். அழகென்றால் அவருக்குக் கறுப்பு வெள்ளைக் கதாநாயகிகள்தான். "சாவித்திரி மாதிரி இருக்குது இந்தப் பொண்ணு. தோள்ல போட்டுக் காட்டுனா எந்தப் பொடவையும் போயிரும்" என்றாராம். அதே வாரம் வேலைக்குச் சேர்ந்த ராமக்காளை, நோஞ்சான் என்று சொல்லி மாடியில் ஃபால்ஸ் தைக்க அனுப்பிவிட்டார். ராமக்காள் இன்றுவரை மாடியில்தான் தைக்கிறார்.

அன்றிலிருந்து அந்த முன் மேசைக்கு 'சாவித்திரி கவுண்டர்' என்றே பெயராகிவிட்டது. தீர்த்தமலையிலிருந்து வருகிறவர்கள்கூட அப்படிக் கேட்டுத்தான் வருவார்கள். தங்களைப் போன்ற ஓர் உடம்பில் புடவை எப்படி விழும் என்று அங்கேதான் பார்க்க முடியும்.

இப்போது கடை, பெரியவரின் மகன் அருள்குமார் கையில். பெங்களூரில் படித்துவிட்டு வந்தவர். வந்ததும் பழைய பொம்மைகளைத் தூக்கிப்போட்டு, இடுப்பே இல்லாத புதுப் பொம்மைகளை நிறுத்தினார். அவற்றுக்குப் புடவை கட்டினால் முதுகுப் பக்கம் ஒரு கை துணி மிஞ்சும். அதைச் சுருட்டி ஏழெட்டு கிளிப் போட்டு மறைப்பது எங்கள் வேலை. முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் அழகு!

போன வாரம் ஓர் அம்மா அவரிடமே போய், "சாவித்திரி கவுண்டர் எங்கீங்க?" என்று கேட்டுவிட்டார். இவர் அதைச் சாதிப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார்.

"அப்படி யாரும் இங்க வேலை செய்யலீங்களே. எந்த ஊரு கவுண்டருங்க?"

கடையே சிரித்தது. கல்லாவில் இருந்தவர் சிரித்தார், வாட்ச்மேன் சிரித்தார், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். விஷயம் புரிந்ததும் அருள்குமாரின் முகம் சிவந்தது. அன்றைக்கே மேரியக்காவுக்கு நாள் குறித்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

தள்ளுபடி தொடங்குகிற அன்று காலை ஏழு மணிக்கு அருள்குமார் கோடவுனுக்கு வந்தார். கூடவே சூப்பர்வைசர் பூவரசன், கையில் நோட்டும் பேனாவும்.

"இன்னிலேர்ந்து கடைக்குன்னு ஒரு லுக் இருக்கு. கீழ்த்தளத்துல நிக்கறவங்க அம்பத்தஞ்சு கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது. மத்தவங்க கோடவுன். ஒவ்வொருத்தரா ஏறுங்க."

அவர் கை காட்டியது பண்டில் நிறுக்கிற இரும்பு மேடைத் தராசை. எனக்கு உடம்பு கூசியது. துணி மூட்டை ஏறி இறங்குகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு மேரியக்கா ஏறினார்.

"எழுபத்தி நாலு" என்று உரக்கப் படித்தார் அருள்குமார். "கோடவுன். எழுதிக்குங்க பூவரசன்."

"தம்பி, எனக்கு இந்தத் தூசி ஆகாதுங்க. மூச்சு நின்னுரும். உங்க அப்பாவுக்குத் தெரியும்."

"மாஸ்க் போட்டுக்கங்க. அப்பா காலத்து ரசனை இப்ப வேலைக்கு ஆவாதுக்கா. ஜனங்க போன்ல பாக்கற ஹீரோயின் எப்படி இருக்காங்க? கடையிலயும் அப்படித்தான எதிர்பார்ப்பாங்க? நெக்ஸ்ட்."

அடுத்தது நான். நாற்பத்தேழு காட்டியது.

"பர்ஃபெக்ட். முன் கவுண்டர் இனிமே உனக்கு."

மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வருடமாக மூலையில் உள்பாவாடை விற்றவள் நான். மேரியக்கா என்னைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். மூச்சு இப்போதே இழுக்கத் தொடங்கியிருந்தது.

"சின்ன மொதலாளி, ஒண்ணு கேக்கணுங்க" என்றார் ராமக்காள். அவர் உரக்கப் பேசி நான் கேட்டதில்லை. "அன்னிக்கு உங்கப்பா என்னை ஒல்லின்னு உள்ள தள்ளுனாரு. இன்னிக்கு நீங்க இவள குண்டுன்னு தள்றீங்க. நாங்க என்ன உங்க வூட்டு ஜன்னல் துணியா, சீசனுக்கு ஒண்ணா மாத்தறதுக்கு?"

"உங்கள யாரும் கேக்கல. கலைமதி, நீ எறங்கு. அடுத்த ஆள் ஏறட்டும்."

நாளைக்கு எனக்குக் கல்யாணமாகும், பிள்ளை பிறக்கும், இடுப்பு பெருக்கும். அப்போது இவரோ இவர் மகனோ வேறு ஒரு நடிகையின் படத்தைக் காட்டுவார்கள். எனக்குப் பயமாக இருந்தது, கோபமாகவும் இருந்தது. இரண்டில் எது அதிகம் என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

நான் இறங்கவில்லை. கையை நீட்டினேன்.

"மேரியக்கா, ஏறுங்க."

அவர் தயங்கினார். ராமக்காள் முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு தானும் ஏறினார். பின்னால் சுகுணா ஏறினாள். "தள்ளி நில்லுங்கடி, எனக்கும் எடம் வேணும்" என்றபடி குள்ளம்மாள் ஏறினார். மீதி இரண்டு பேரும் ஓரத்தில் ஒற்றைக் காலை வைத்து எங்கள் தோளைப் பிடித்துத் தொற்றிக்கொண்டார்கள். மேடை கிறீச்சிட்டது. ஏழு பேரின் வியர்வையும் ஒரே வாடை அடித்தது.

வெளியே ஷட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. தள்ளுபடிக்குக் கூட்டம் வந்துவிட்டது.

"என்ன விளையாட்டு இது? எறங்கலைன்னா ஏழு பேரும் வூட்டுக்குப் போக வேண்டியதுதான். வெளிய நூறு பொண்ணுங்க காத்துக்கிடக்கறாங்க."

"அவங்களும் வரட்டுங்க" என்றார் மேரியக்கா. மூச்சு வாங்கினாலும் சொல் தெளிவாக வந்தது. "முன்னாடி யாரு நிக்கணும்னு வேலையப் பாத்து முடிவு பண்ணுங்க. அதுவரைக்கும் கடையில பொடவை பிரிக்க ஆள் இல்ல."

ஷட்டர் மறுபடியும் அதிர்ந்தது. பூவரசன் முதலாளியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தராசைக் குனிந்து பார்த்தார்.

"நானூத்திப் பதினொண்ணு காட்டுதுங்க" என்றார் மெல்ல. "யாரு பேருக்கு நேரா எழுதறது?"

"ஏழு பேருக்கு நேராவும் அதையே எழுதுங்க" என்றேன் நான்.