இரண்டாம் நடை வைக்கல்

வெறும் வைக்கல் தூசியாத்தான் இருக்கும்... வேற என்னவா இருக்கப் போகுது, உள்ளங்கை வெள்ளையா இருந்தா உடனே விபரீதமா நினைக்கணுமா, அய்யம்மாள் முந்தானையில கையைத் துடைச்சா, துடைச்ச கையை மறுபடியும் பாத்தா. மாட்டாஸ்பத்திரி வாசல்ல வரிசை நகர்ற வழியக் காணோம். மழை பொய்ச்சுப் போய், கண்மாய்க்குள்ள மேய ஒரு புல்லு மிச்சமில்லைன்னு கவர்மெண்டு மானியத்துல வைக்கல் குடுக்குது, காதுல வில்லை போட்ட மாட்டுக்கு மட்டும், சாக்கு நீங்களே கொண்டாந்துரணும்னுட்டாக. காலையில ஒரு நடை கொண்டு போய்த் தொட்டியில கொட்டியாச்சு, இது மிச்சத்துக்கு, இதை விட்டா அடுத்த வாரந்தான்.

அம்புட்டு ஆசையா தின்னுச்சே செவலை. நாலு மாசமா பனையோலையையும் வேப்பங்குழையையும் மென்னுக்கிட்டுக் கெடந்த நெறைமாச மாடு, தொட்டியை நக்கி, உதறிப் போட்ட சாக்கைக்கூட விடாம நக்குச்சு, ஏ பேராசைக்காரின்னு கொஞ்சிட்டு, அதே சாக்கைப் பிடுங்கிட்டு வந்தா... சாக்கை ஏன் நக்கணும்? பரண்ல கெடந்த சாக்கு. அவ புருசன் சங்கிலிமுத்து பட்டாசுக் கம்பெனியில மருந்து கலக்குறவன், ஒரு மழையன்னிக்கு அங்கன இருந்து தலையில போட்டுக்கிட்டு வந்தது, அலசாம எடுத்துராதேன்னு சொன்னானா, இல்ல இப்ப இவளா நினைச்சுக்கிடுறாளா. விரல் நுனியை நாக்குல வச்சா. உப்புக் கரிச்சுது, பெறகு ஜில்லுன்னு குளுந்துச்சு. கல்யாணத்துக்கு முந்தி ஆறு வருசம் இவளும் அதே வேலைதான பாத்தா, மருந்துல சேக்குற வெடியுப்பு தெரியாதா. ஆவுடைத்தாய் வீட்டு ஆடு இப்படித்தான் வெடியுப்புச் சாக்கை நக்கிட்டு உச்சிப்பொழுதுக்குள்ள விழுந்துச்சு, அறுத்தா ரத்தம் காப்பித்தண்ணி நிறத்துல வந்துச்சுன்னு ஒருத்தரும் கறி வாங்கல... ஆடு சின்ன உசுரு, மாடு தாங்கும், தாங்காதா? மக வேல்விழிக்குப் போன் போட்டா. மாடு படுத்திருக்கும்மா, எழுப்புனா எந்திரிக்க மாட்டேங்குது, வயிறு நெறஞ்ச சொகம் போல, மூச்சுதான் வேகமா வாங்குதுன்னா பிள்ளை.

டாக்டரு பத்தடி தூரத்துல உக்காந்திருக்காரு. ஒரு ஊசி இருக்கும், இப்பமே போனா ரெண்டு உசுரும் தப்பும், சொல்லு, வாயத் தொற. சொன்னா எந்தச் சாக்கும்பாரு, எங்கன இருந்து வந்துச்சும்பாரு. போன மாசம் வெடி விபத்துக்குப் பெறகு வீடுவீடா சோதனை போட்டு, இப்படி ரெண்டு காலிச் சாக்குக்காக, புருசன்கூட வேலை பாத்த செல்வக்குமாரைப் போலீசுல கூட்டிட்டுப் போனாக, வீட்ல திருட்டு வெடி போடுறான்னு கேசு, இன்னும் வெளிய வரல, கம்பெனியில இவன் எங்க ஆளே இல்லைன்னுட்டாக. மாட்டை நினைச்சா புருசன் மொகம் வருது, மனுசனை நினைச்சா மாடு மூச்சு வாங்குது... பின்னால நின்ன ராக்காயி முதுகுல தட்டுனா, போ மதினி, ஒன்னியத்தான் கூப்பிடுறாக.

"அய்யம்மாள், ஒரு மாடு, சினை. எப்படிம்மா இருக்கு, தீனி எடுக்குதா?" டாக்டரு நிமிந்து பாத்துக் கேட்டாரு.

"நல்லா இருக்குங்கய்யா. நல்லா எடுக்குது."

சாக்கை விரிச்சுப் பிடிங்கன்னாரு வைக்கல் அள்ளிப் போடுற ஆளு. விரிச்சுப் பிடிச்சா. மாடா மனுசனான்னு அவ இன்னும் முடிவே பண்ணலையே, வாய் எப்ப முடிவு பண்ணுச்சு...