பின்பக்கத்துப் படி

பனியன் ஊரில், ராயபுரத்தில் மூடிக் கிடந்த பழைய மில்லுக்குச் சுண்ணாம்படித்து அருங்காட்சியகம் ஆக்கியிருந்தார்கள். புதுமாதிரிக் கட்டடங்கள், சாமான்கள் என்று உள்ளே கண்காட்சி. மூங்கில் வீடு, தானே குளிர்கிற மண்சுவர் என்று ஒவ்வொன்றாகச் சிவராஜ் காட்டிக்கொண்டே வந்தான். அவன் அப்பா கருப்புசாமி மடக்கு நாற்காலி ஒன்றின் முன்னால்தான் வாய் திறந்தார்.

"மடிஞ்சு போற சேர்ல எவன்டா நம்பி உக்காருவான்?"

"விரிச்சா கட்டிலாயிருமுங்கப்பா."

"படுக்கறவனுக்குக் கட்டிலு பத்தாதாக்கும்?"

சிவராஜ் சிரித்து வைத்தான். இன்றைக்கு அவன் சிரித்துத்தான் ஆக வேண்டும். அவினாசி ரோட்டோரம் கிழவர் பேரில் இருக்கிற நிலத்தில் பனியன் கம்பெனி கட்ட நினைக்கிறான். "மொதல்ல கட்டடத்தப் பாக்கறேன், அப்பறம் எடத்தப் பேசு" என்று அவர் ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார். அந்தக் கம்பெனிக் கட்டடத்தின் சின்ன மாதிரியும் இங்கேதான் இருந்தது.

மேசைமேல் மெல்லிய மரத்தில் செய்த கட்டடம். கீழே தையல் மெஷின்கள். மாடியில் வேலையாட்கள் தங்கும் அறைகள். தீக்குச்சி உயரத்தில் காகித மனிதர்கள் நின்றார்கள். பிளான் போட்ட இன்ஜினீயர் சித்ரகலா, "வாங்கய்யா" என்று கும்பிட்டாள். கிழவர் கண் நேராகப் படியைத் தேடியது. நடுவில் ஒன்று இருந்தது.

அவர் மனைவி சென்னம்மாள் செத்தது ஒரு படியால்தான். காதர்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி மாடியில் செக்கிங் வேலை பார்த்தாள். கீழே தீப்பிடித்தபோது இறங்குவதற்கு இருந்த ஒரே படியில் கட்டிங் வேஸ்ட் துணி மூட்டைகளை மார்பளவுக்கு அடுக்கியிருந்தார்கள். இந்த ஊரில் எந்தக் கம்பெனிப் படியில்தான் மூட்டை இல்லை? சும்மா கிடக்கிற இடந்தானே என்று எல்லோரும் வைப்பதுதான். மறுநாள் சிவராஜ்தான் போய் மெட்டியைப் பார்த்து அடையாளம் சொன்னான்.

"இதுல மூட்டைய அடுக்கிப்போட்டா மேல இருக்கறவன் எப்படி அம்மணி எறங்குவான்?"

சித்ரகலா சிவராஜைப் பார்த்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான்.

கிழவர் பின்பக்கமாகச் சுற்றிப்போய்க் குனிந்தார். மாடிச் சுவரில் ஒரு வாசல் அந்தரத்தில் திறந்து கிடந்தது. அதன் அடியிலிருந்து தரைவரைக்கும் சாய்வாகப் பசை காய்ந்த தடம்.

"இங்க என்ன இருந்துச்சு?"

"வெளிப்படிங்கய்யா. நான் வச்சிருந்தேனுங்க. சார்தான் எடுக்கச் சொல்லிட்டாருங்க. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்."

"அந்தப் படிய எடுத்துட்டுச் சொவர வெளிய தள்ளுனா இன்னொரு வரிசை மெஷின் போட்டுக்கலாமுங்கப்பா" என்றான் சிவராஜ்.

கிழவர் அந்தப் பசைத் தடத்தை விரலால் தடவினார். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அவன் கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"நம்மாளுக யாரும் மேல படுக்கப் போறதில்லீங்கப்பா. பூராவும் வடக்கத்திப் பசங்கதானுங்க."

"உங்கம்மா மட்டும் அந்த மொதலாளிக்கு என்னடா ஒறவு?"

சிவராஜின் காது சிவந்தது. "நீங்க தரலீன்னா பூண்டிப் பக்கம் எடம் பேசி வெச்சிருக்கறேனுங்க."

"போய்க் கட்டு. என்ற மண்ணுல வேண்டாம்."

கிழவர் மாடிக்குள் விரலை விட்டுக் காகித மனிதர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டார். "தொடக் கூடாதுங்க!" என்று காவலாளி ஓடிவந்தார். சித்ரகலா கைகாட்டி நிறுத்தினாள்.

கடைசி ஆள் வரவில்லை. பசை இறுகியிருந்தது. இழுத்ததில் இடுப்போடு கிழிந்து, கால்கள் மட்டும் படியில்லாத அந்த வாசலைப் பார்த்து நின்றன.